முதல் நாள் இரண்டு, கடைசி நாள் ஐந்து

ருதைனாவுக்கு வயது இருபத்தெட்டு, சான்றிதழ்கள் பதினான்கு. தலைமைப் பண்பு, குழுவாக வேலை செய்தல், நேரத்தைப் பயன்படுத்துதல், மேடைப் பேச்சு, புதிதாகச் சிந்தித்தல், மறுபடியும் தலைமைப் பண்பு. எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கோப்பில் உறை போட்டு வைத்திருந்தாள். வேலை மட்டும் ஒன்றுகூட இல்லை. ஸர்க்காவில் இது ஒன்றும் அதிசயமில்லை. இந்த ஊரில் கல்லூரி முடித்த யாரைப் பிடித்து உலுக்கினாலும் சான்றிதழ்தான் உதிரும்.

அவள் படித்தது வேதியியல். அரசு வேலைக்குக் காத்திருப்போர் பட்டியலில் அவளுடைய முறை எப்போது வரும் என்று அண்ணன் ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டான். "உனக்கு நாப்பத்தோரு வயசு ஆகும்போது கூப்பிடுவாங்க, அதுவரைக்கும் உடம்பைப் பாத்துக்கோ" என்று சொல்லிச் சிரித்தான். அவள் கையிலிருந்த தேநீர்க் கோப்பையை அவன் மேல் வீசினாள். அவன் குனிந்துவிட்டான். சுவரில் பட்ட கறை இன்னும் போகவில்லை. ஒரு மருந்துக் கடையில் பதினொரு நாள் வேலை பார்த்தாள். பதினோராவது நாள், மருத்துவர் சீட்டில்லாமல் தூக்க மாத்திரை கேட்டு மேஜையைத் தட்டிய ஒரு பெரிய மனிதரை அவள் கேட்ட கேள்வியில் தெருவே கூடிவிட்டது. கடைக்காரர் மறுநாள் வரவேண்டாம் என்றார். "உன் நாக்குக்கு ஒரு பூட்டு வாங்கணும்டி" என்று உம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் பயிற்சிகள். தலைநகர் அம்மானிலிருந்து யாராவது வருவார்கள், ஏதாவது ஒரு தொண்டு நிறுவனத்தின் மாடியில் ஞாயிறு முதல் வியாழன் வரை ஐந்து நாள் நடக்கும், இளைஞர்களுக்கு இந்தக் காலத்துக்கு வேண்டிய திறமைகளைக் கற்றுக்கொடுப்பார்கள். என்ன பெரிய திறமை? நூல் உருண்டையை ஒருவர் மேல் ஒருவர் எறிந்து பெயர் சொல்ல வேண்டும். வேகாத மக்ரோனிக் குச்சிகளை ஒட்டுநாடாவால் ஒட்டிக் கோபுரம் கட்ட வேண்டும். ருதைனா இதுவரை பதினான்கு கோபுரம் கட்டியிருக்கிறாள். அவ்வளவு செங்கல் அடுக்கியிருந்தால் ஒரு வீடாவது மிஞ்சியிருக்கும்.

எல்லாப் பயிற்சியிலும் முதல் நாள் காலையில் ஒரு தாள் கொடுப்பார்கள். இருபது வாக்கியம். 'எனக்குப் பிறரோடு சேர்ந்து வேலை செய்யத் தெரியும்', 'சிக்கல் வந்தால் தீர்க்கத் தெரியும்' என்று போகும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒன்று முதல் ஐந்து வரை எண்கள். தன்னைத் தானே எடைபோட்டு ஒரு எண்ணை வட்டமிட வேண்டும். கடைசி நாள் மறுபடியும் அதே தாள். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்துத்தான் பணம் கொடுக்கும் வெளிநாட்டுக்காரர்கள் அடுத்த பயிற்சிக்குக் கொடுப்பார்கள்.

அதனால் ஸர்க்காப் பிள்ளைகள் முதல் நாள் இரண்டு போடுவார்கள், கடைசி நாள் ஐந்து போடுவார்கள். யாரும் உத்தரவு போடவில்லை. முதல் நாளே நான்கு போட்டுவிட்டால் பிறகு ஏறுவதற்கு எங்கே இடம்? ஏறினால்தான் அடுத்த பயிற்சி வரும். அது வந்தால்தான் ஃபலாஃபல் சாண்ட்விச், பஸ் செலவு, வீட்டை விட்டு வெளியே வர ஒரு சாக்கு. இது தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் முழங்கையால் இடித்துச் சொல்லிக்கொடுப்பார்கள்.

மூன்றாவது பயிற்சியில் நிவீனை இடித்துச் சொல்லிக்கொடுத்தது ருதைனாதான். நிவீன் அன்றைக்குப் புதுசு. வாக்கியத்தை ஒவ்வொன்றாகப் படித்து, நெற்றியைச் சுருக்கி, நாலில் வட்டம் போடப் பேனாவைக் கொண்டுபோனாள்.

"அடியே, ரெண்டு போடு" என்றாள் ருதைனா. "இன்னைக்கு நாம ஒண்ணுக்கும் ஆகாதவங்க. வியாழக்கிழமைதான் அறிவாளி ஆவோம்."

நிவீன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இரண்டு போட்டாள். ஐந்து ஆண்டு கழித்து, பதினைந்தாவது பயிற்சிக்கு ருதைனா போனபோது, கழுத்தில் அட்டை தொங்க, மடிக்கணினியோடு முன்னால் நின்ற பயிற்சியாளர் அதே நிவீன்.

இந்தப் பதினைந்தாவது பயிற்சிக்கு மட்டும் ஒரு விசேஷம் இருந்தது. இருபது பேரில் ஒருவரை அந்த நிறுவனத்தின் ஸர்க்கா அலுவலகத்தில் உதவியாளராக எடுப்போம், ஓராண்டு ஒப்பந்தம் என்று சுவரொட்டியிலேயே போட்டிருந்தார்கள். ருதைனாவின் தகப்பன் நவ்வாஃப், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், அந்தச் சுவரொட்டியை இரண்டு தடவை படித்தார்.

"இதுதான் கடைசி" என்றார். "துலைல் தையல் ஃபாக்டரில ஆள் எடுக்கறாங்க. உன் பேரைக் கொடுத்துட்டேன். பயிற்சி முடிஞ்ச அடுத்த ஞாயித்துக்கிழமை காலைல அஞ்சே காலுக்கு அவங்க பஸ்ஸு நம்ம ரவுண்டானாவுக்கு வரும். ஆஃபீஸ் வேலை கெடைச்சா ஆஃபீசுக்குப் போ. கெடைக்கலேன்னா பஸ்ஸுல ஏறு."

"யாபா, நான் கெமிஸ்ட்ரி படிச்சவ. காலர் தைக்கவா?"

"காலர் தைக்கறவ சம்பளத்தோட வீட்டுக்கு வர்றா. நீ காகிதத்தோட வர்றே."

அவளுக்கு வாய் வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவை அறைந்தாள். கதவின் கைப்பிடி கழன்று அந்தப் பக்கம் விழுந்தது.

பயிற்சி தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை தாள் வந்தது. ருதைனா படிக்கவே இல்லை. அந்த இருபது வாக்கியமும் அவளுக்கு மனப்பாடம். மளமளவென்று இரண்டு போட்டாள். அலுப்பில் நடுவில் ஓரிரு இடத்தில் ஒன்றும் போட்டாள். பக்கத்து நாற்காலியில் ஸுஹைப் என்று ஒருவன். இருபத்திரண்டு வயது இருக்கும். மடியில் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட். அவன் அரை நிமிடத்தில் தாளை முடித்துக் கவிழ்த்துவிட்டான். எட்டிப் பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை ஐந்து.

"டேய், படிச்சியா நீ?"

"எதுக்குக்கா? நான் சாப்பாடு டெலிவரி பண்றவன். எந்த இடத்துல நம்பர் கேட்டாலும் அஞ்சு குடுத்துட்டா ஒருத்தனும் கேள்வி கேக்க மாட்டான். நாலு வந்தாலே எங்க ஆளு போன் போட்டுத் திட்டுவான்."

"அட பச்சை மண்ணே! வியாழக்கிழமை என்ன பண்ணுவே? ஆறு போடுவியா?"

பின் வரிசையில் எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பிறகு ஹெல்மெட்டின் மேல் தலையை வைத்துத் தூங்கிவிட்டான். ஐந்து நாளும் அவன் பெரும்பாலும் அப்படித்தான் இருந்தான்.

நிவீன் ருதைனாவைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. "அன்பானவர்களே" என்று ஆரம்பித்து, "நம்முடைய வசதி வளையத்தை விட்டு வெளியே வருவோம்" என்று எங்கேயோ மனப்பாடம் செய்ததை ஒப்பித்தாள். உங்களுக்குள் ஒளிந்திருக்கும் உங்களைக் கண்டுபிடியுங்கள் என்றாள். ருதைனாவுக்கு வயிறு எரிந்தது. என்னிடம் இரண்டு போடக் கற்றவள் எனக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று சொல்ல வந்துவிட்டாள்! ஆனாலும் வேலை வேண்டுமே. கோபுரம் கட்டினாள். நூல் உருண்டையைப் பிடித்தாள். 'ஐந்து ஆண்டில் நான்' என்று ஒரு மரம் வரையச் சொன்னபோது, கிளையெல்லாம் இலை வைத்து, ஒரு பறவையும் வரைந்து கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை நிவீன் திரையில் 'சிக்கலைத் தீர்க்கும் ஐந்து படிகள்' காட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாவது படிக்கு வந்தபோது கதவு படாரென்று திறந்தது. கீழே செல்போன் கடை வைத்திருக்கும் அபூ லுஅய், சட்டை நனைந்து, கையில் ஒரு நனைந்த அட்டைப் பெட்டியோடு நின்றார்.

"யாருடா இங்க தலைவன்? உங்க கக்கூஸ் தண்ணி என் கடைக் கூரைல ஊத்துது! புது போன் நாப்பது! எல்லாரையும் தூக்கி ஜன்னல் வழியா வீசறேன் பாரு!"

நிவீன் மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் ஒதுங்கினாள். "அன்பானவரே" என்று ஒரு குரல் அங்கிருந்து வந்து அடங்கிப்போனது. பத்தொன்பது பேரும் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டார்கள்.

ருதைனா எழுந்தாள். "இங்க நின்னு கத்தினா தண்ணி நின்னுடுமா?" என்று அவரைவிடப் பெரிய குரலில் கத்தினாள். "உன் வாயைத் தொறந்ததுக்குப் பதிலா குழாயை மூடியிருந்தா இந்நேரம் பத்து போனைக் காப்பாத்தியிருக்கலாம். வா என்கூட!"

மனிதர் திகைத்துப்போய்ப் பின்னால் போனார். அவள் கழிப்பறையில் உடைந்த குழாயைப் பார்த்தாள். மொட்டை மாடிக்கு ஏறித் தொட்டியின் வால்வை அடைத்தாள். கீழே வந்து தூங்கிக்கொண்டிருந்த ஸுஹைபைத் தோளில் ஓங்கி ஒன்று வைத்து எழுப்பி, இன்னும் மூன்று பேரோடு கடைக்குத் துரத்தினாள். பெட்டிகளை நடைபாதைக்குத் தூக்கச் சொன்னாள். எது நனைந்தது, எது நனையவில்லை என்று இரண்டு வரிசையாகப் பிரிக்க வைத்தாள். நனைந்தவை ஆறே ஆறு. கட்டிட உரிமையாளரிடம் அபூ லுஅயின் போனிலிருந்தே பேசி, குழாய்க்காரனை அனுப்புகிறேன் என்று சத்தியம் வாங்கினாள். முக்கால் மணி நேரத்தில் அபூ லுஅய் எல்லாருக்கும் தேநீர் அனுப்பினார். "அந்தப் பொண்ணுக்கு மட்டும் சர்க்கரை தூக்கலா" என்று சொல்லி அனுப்பினாராம்.

திரும்பி வந்தபோது நிவீன் நான்காவது படியில் இருந்தாள். இடைவேளையில் ருதைனாவைத் தனியே கூப்பிட்டாள். ஐந்து ஆண்டு கழித்து முதல் தடவையாகப் பழைய குரலில் பேசினாள்.

"ருதைனா, நல்லவேளை நீ இருந்தே. வல்லாஹி, சத்தியமா எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல. அம்மானுக்கு உன்னைப் பத்தி எழுதறேன். அந்த வேலைக்கு உன்னை விட்டா யாரு?"

ருதைனா ஃபாக்டரி பஸ் கதையை அவளிடம் சொல்லிச் சிரித்தாள். அன்று வீட்டுக்குப் போய்த் தகப்பனிடம், "உங்க பஸ்காரனுக்குச் சொல்லிடுங்க யாபா, ஒரு சீட்டு காலின்னு" என்றாள். நவ்வாஃப் செய்தித்தாளைக் கீழே வைக்காமலே "வியாழக்கிழமை பாப்போம்" என்றார்.

வியாழக்கிழமை மதியம் சாண்ட்விச் முடிந்ததும் நிவீன் ஒரு கடிதத்தை எடுத்து வாசித்தாள். அம்மானில் மூன்று பேர் உட்கார்ந்து எல்லாருடைய முதல் நாள் தாளையும் பார்த்தார்களாம். பயிற்சி கொடுத்துத் தேற்ற வேண்டியவர் அவர்களுக்கு வேண்டாமாம்; முதல் நாளிலிருந்தே தன்னம்பிக்கையோடு தயாராக இருக்கும் ஆள்தான் வேண்டுமாம். அந்த அடிப்படையில், நூற்றுக்கு நூறு எடுத்த ஸுஹைப்.

யாரோ அவனை உலுக்கி எழுப்பினார்கள். அவனுக்கு விஷயம் புரியவே ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் முதலில் கேட்டது, "அங்க வண்டி நிறுத்த இடம் இருக்கா?"

ருதைனா நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். எழுந்து நேராக நிவீனின் மேஜைக்குப் போனாள்.

"அந்தத் தாளையா பாத்தாங்க? முதல் நாள் தாளையா?"

"ருதைனா, ஹபீப்தி, என் கண்ணுல்ல, உக்காரு. முடிவு நான் எடுக்கல."

"செவ்வாய்க்கிழமை நீ திரைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டியே, அதை எழுதினியா?"

"உன்னைப் பத்தி எழுதினேன். அவங்க அதையெல்லாம் படிக்கல." நிவீன் கோப்பைத் திறந்து ஒரு தாளை உருவினாள். குரல் மறுபடியும் அட்டை மாட்டிய குரலாகிவிட்டது. "இதோ. 'சிக்கல் வந்தால் தீர்க்கத் தெரியும்'. இரண்டு. 'பொறுப்பை எடுத்துக்கொள்வேன்'. ஒன்று. யார் கையெழுத்து இது? நானா போட்டேன்? உன்னை நீயே இப்படி எடை போட்டா, மத்தவங்க என்ன பண்ணுவாங்க?"

"நான் எடை போட்டேனா?" ருதைனா கரடியாகக் கத்தினாள். "உனக்குத் தெரியாதா? ரெண்டு போடறது எதுக்குன்னு உனக்குத் தெரியாது? உனக்குச் சொல்லிக் குடுத்தவளே நான்தானே! அம்மானுக்கு போன் போடு. இங்க முதல் நாள் தாளு எல்லாம் பொய்யின்னு சொல்லு. போடு!"

நிவீனின் முகம் வெளுத்தது. குரலைத் தாழ்த்திப் பல்லிடுக்கில் பேசினாள். "முதல் நாள் பொய்யின்னா கடைசி நாளும் பொய். நான் மூணு வருஷமா காட்டின வளர்ச்சி அத்தனையும் பொய். அதைச் சொல்லிட்டு நானும் உன்கூட ஃபாக்டரி பஸ்ஸுல வரவா?"

ருதைனா திரும்பி அறையைப் பார்த்தாள். பதினெட்டுப் பேர். பாதிப் பேரோடு ஏழெட்டுப் பயிற்சியில் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறாள். "நீங்க சொல்லுங்க. யாராவது ஒருத்தர் வாயைத் தொறந்து சொல்லுங்க. நாம எல்லாரும் ரெண்டுதானே போட்டோம்? எதுக்குப் போட்டோம்?"

ஒருவன் சாண்ட்விச் காகிதத்தை மடித்தான், பிரித்தான், மறுபடியும் மடித்தான். ஒருத்தி முக்காட்டின் ஊசியைச் சரிசெய்தாள். அடுத்த மாதம் இன்னொரு பயிற்சி வருகிறது என்று காலையில்தான் நிவீன் சொல்லியிருந்தாள். ஆறு பயிற்சியில் ருதைனாவோடு ஒரே சாண்ட்விச்சைப் பிய்த்துத் தின்ற ஒரு பெண், தரையைப் பார்த்தபடி, "நான் உண்மையாத்தான் போட்டேன்" என்றாள்.

"தூ!" என்றாள் ருதைனா. "உங்க மூஞ்சிக்கு ரெண்டே அதிகம்."

நிவீன் கடைசித் தாளை எல்லாருக்கும் கொடுத்தாள். பேனாக்கள் ஓடின. ஐந்து, ஐந்து, நடுவில் நம்பும்படியாக ஒரு நான்கு. சான்றிதழ் வாங்கிப் படம் எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். ஸுஹைப் வாசலில் நின்று ஏதோ சொல்ல வந்தான். அவள் பார்த்த பார்வையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அறையில் இரண்டு பேர்தான் மிஞ்சினார்கள். ருதைனாவின் முன்னால் தாள் வெறுமையாகக் கிடந்தது.

"ஒண்ணு ஒண்ணா போடப்போறியா? பழி வாங்கவா?" என்றாள் நிவீன், சாவிக் கொத்தை ஆட்டிக்கொண்டு.

"இல்ல. உண்மையைப் போடப்போறேன். ஒரு தடவையாவது."

பேனாவை எடுத்தாள். 'எனக்குப் பிறரோடு சேர்ந்து வேலை செய்யத் தெரியும்.' தெரியுமா? செவ்வாய்க்கிழமை நான்கு பேரை வேலை வாங்கினாளே, அது சேர்ந்து செய்ததா, விரட்டியதா? 'என் பலம் எது, பலவீனம் எது என்று எனக்குத் தெரியும்.' பேனா அங்கேயே நின்றது. பதினைந்து முதல் நாட்கள் இரண்டு போட்டிருக்கிறாள், பதினான்கு கடைசி நாட்கள் ஐந்து போட்டிருக்கிறாள். நடுவில் எந்த எண் தன்னுடையது என்று ஒரு நாள்கூட யோசித்ததில்லை. இப்போது யோசித்தால் ஒன்றுமே பிடிபடவில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது. மதியம் அந்த வேலை கைநழுவியபோதுகூட இவ்வளவு பயம் வரவில்லை.

"தெரியலையா?" என்றாள் நிவீன். கேட்டதில் இரக்கம் இருந்த மாதிரி ருதைனாவுக்குப் படவில்லை. "குடு இங்க. நேரமாகுது."

தாளைப் பிடுங்கி மேஜையில் வைத்து, நின்றபடியே மேலிருந்து வட்டமிட ஆரம்பித்தாள். ஐந்து. ஐந்து. நான்கு. ஐந்து. அவள் கை நன்றாகப் பழகியிருந்தது. ருதைனா பக்கத்தில் நின்று, வேறு யாரோ ஒருத்தியைப் பற்றிப் படிப்பது போல ஒவ்வொரு வாக்கியமாகப் படித்துக்கொண்டே வந்தாள். பதினேழாவது வாக்கியம், 'என் கோபத்தைக் கட்டுப்படுத்தத் தெரியும்.'

"அதுல ஒண்ணு போடு" என்றாள்.

"சும்மா இரு."

"நிவீன், எனக்கு என்னைப் பத்தித் தெரிஞ்சது அது ஒண்ணுதான். அதுல ஒண்ணு போடு."

"முதல் நாள் ரெண்டு போட்டிருக்கே. ஒண்ணு போட்டா இறங்கிடும். ஒரு இடத்துல இறங்கினாக்கூட ஏன்னு கேட்டு மெயில் வரும்." நிவீன் ஐந்தில் வட்டம் போட்டாள். மீதி மூன்றையும் முடித்து, தாளை அவள் பக்கம் தள்ளினாள். "கையெழுத்துப் போடு."

ருதைனா பேனாவை வாங்கினாள். பதினேழாவது வரியில் இருந்த வட்டத்தைக் காகிதம் கிழிகிற அளவுக்கு அடித்தாள். ஒன்றைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். அதன் மேலேயே இன்னொரு வட்டம். பிறகு கீழே முழுப் பெயரையும் தெளிவாக எழுதிக் கையெழுத்திட்டாள்.

"நீ எங்கயும் உருப்பட மாட்டேடி!" என்று நிவீன் கத்தினாள். "பைத்தியக்காரி! ஃபாக்டரிலயும் உன்னை ஒரு வாரம் வெச்சிருக்க மாட்டாங்க!"

"மாட்டாங்கதான்" என்றாள் ருதைனா. பதினைந்தாவது சான்றிதழை மேஜையிலேயே விட்டுவிட்டுப் படியிறங்கினாள்.

வீட்டில் நவ்வாஃப் செய்தித்தாளுக்கு மேலாக அவள் முகத்தைப் பார்த்தார். அவர் வாயைத் திறக்கும் முன் அவளே கேட்டாள்.

"பஸ் அஞ்சே காலா, அஞ்சரையா?"